"பையைப் பார்த்துக்கோ!"

"எக்கா, சாரல் விழ ஆரம்பிச்சிட்டு" என்று தென்காசியிலிருந்து தம்பி போன் செய்துவிட்டால் போதும், எனக்குச் சென்னை வீட்டில் இருப்புக்கொள்ளாது. பிறந்த ஊர் பாசம் அப்படி! இந்த வருஷம் மகளையும் பேரன் பேத்தியையும் கூட அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பேரனுக்கு ஒன்பது வயது. பேத்திக்கு ஐந்து. சனி, ஞாயிறோடு பள்ளிக்கு மூன்று நாள் லீவு சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளைக்குத்தான் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. பிறகு நான் சொல்லப்போகிற தர்மசங்கடத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் தென்காசி. ராஜபாளையம் தாண்டியதிலிருந்தே மேற்கில் மலை கூடவே ஓடிவரும். கடையநல்லூரில் ஜன்னலைத் திறந்தால் முகத்தில் ஈரக்காற்று. ஸ்டேஷனில் இறங்கியதும் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, தலையில் யாரோ பன்னீர் தெளிக்கிற மாதிரி ஒரு தூற்றல். அதுதான் சாரல். குடை பிடிக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

தம்பி வீடு ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெருவில். குளித்து இட்லி சாப்பிட்டவுடன் காசி விஸ்வநாதர் கோவில். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோவில் இது. வாசலில் காற்று எதிரே வந்து தள்ளும். இன்னும் நாலு அடி வைத்தால் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். பேத்தி நாலு தடவை வெளியே ஓடிப்போய்த் திரும்பி வந்தாள், அந்தக் காற்றுக்காக. நான் சிறுமியாக இருந்தபோது இந்த ராஜகோபுரம் இல்லை. பழைய கோபுரம் சிதைந்து, ஊரே 'மொட்டைக் கோபுரம்' என்று சொல்லும்படி நின்றது. இப்போது நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரம் கட்டி முடிந்து கும்பாபிஷேகம் ஆனது 1990-ல்.

அந்த மொட்டைக் கோபுரக் காலத்தில் ஏழு வயசிலேயே நான் தனியாகக் கடைக்குப் போவேன். எண்ணெய்த் தூக்கு ஒரு கையில், காசு மறு கையில். இதை என் மகளிடம் நான் நூறு தடவையாவது பெருமையடித்திருப்பேன். சென்னையில் அவர்கள் குடியிருப்பது அடுக்குமாடி. ஒன்பது வயசுப் பையன் இன்னும் லிஃப்டில் தனியாக இறங்கினதில்லை. "இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் எப்படி?" என்று நான் கேட்பதும், "உன் காலம் வேற அம்மா" என்று அவள் சொல்வதும் எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கிற கச்சேரி.

மறுநாள் காலை குற்றாலம் புறப்பட்டோம். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். கடைவீதி நெடுக மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் பழங்கள், வாணலியிலிருந்து இறங்குகிற நேந்திரங்காய் சிப்ஸ், எண்ணெய் தேய்த்துவிட ஆள் கூப்பிடும் சத்தம். ஸீஸன் என்றால் ஸீஸன்தான்! பேரருவியின் சத்தம் அதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர், நடுவில் பாறையிலுள்ள பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் அருவிக்குக் கீழே மனுஷர்கள் நிற்கவே முடியாது.

இங்கே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பேத்தியைப் பற்றிக் கேள்வியே இல்லை. பேரன்தான் நின்றுவிட்டான்.

"லேடீஸ் பக்கம் நான் வரமாட்டேன். நான் பெரிய பையன். ஜென்ட்ஸ் பக்கம் நானே போய்க் குளிச்சிட்டு வந்துடறேன்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அருவியைப் பார்த்தேன். பொத்தி வளர்க்காதே என்று வாராவாரம் பாட்டுப் பாடுகிறவள் நான்தானே? "அம்மா, விடலாமா?" என்று அவள் கேட்டபோது என் வாயில் பதில் வரவில்லை.

பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தர், தன் இரண்டு பையன்களோடு வந்தவர், எங்கள் சங்கடத்தைப் பார்த்துவிட்டு, "எங்க பயலுவளோட வரட்டும்க்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனுஷர்தான், முகத்திலேயே தெரிந்தது.

வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், இதே அருவிக்கரையில் 1991-ம் வருஷம் ஆடி மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது என் மகளுக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா ஆண்கள் பக்கம் போய்விட்டார். என் கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மாற்றுத் துணி, நாலு வாழைப்பழம், கொஞ்சம் முறுக்கு. குழந்தையை முதலில் குளிக்க வைத்துத் தலை துவட்டி, படிக்கட்டில் ஓரமாக உட்கார வைத்தேன். "பையைப் பார்த்துக்கோ. பையை விட்டு நகரக்கூடாது, என்ன? அம்மா அஞ்சு நிமிஷத்தில் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் நுழைந்தேன்.

அருவிக்குக் கீழே நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே ஐந்து நிமிஷம் என்பதே கிடையாது. தோளில் தண்ணீர் அடிக்க அடிக்க, வீட்டுக் கவலை, மாமியார் கவலை எல்லாம் கழன்று விழும். எவ்வளவு நேரம் நின்றேனோ! வெளியே வந்து பார்த்தால் படிக்கட்டில் பையும் இல்லை, பிள்ளையும் இல்லை.

கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றியது. அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஈரப் புடவையோடு இங்கும் அங்கும் ஓடுகிறேன். பார்க்கிற சிறுமியெல்லாம் ஈரத் தலையோடு என் பெண் மாதிரியே இருக்கிறாள். ஆண்கள் பக்கத்திலிருக்கும் கணவரைக் கூப்பிடவும் வழியில்லை. செல்போன் இல்லாத காலம். தண்ணீரைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கம் திரும்பாமலேயே ஓடினேன்.

இருபது நிமிஷம் இருக்கும். கோவில் வாசலுக்குப் போகிற வழியில், மங்குஸ்தான் கூடைக்குப் பின்னால் ஒரு சாக்கில் உட்கார்ந்திருந்தாள் என் பெண். மடியில் அந்த மஞ்சள் பை. கையில் ஒரு மங்குஸ்தான்.

நடந்தது இதுதான். வாழைப்பழ வாசனை பிடித்து ஒரு குரங்கு வந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. பையை விட்டு நகரக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாளே! பை ஓடினால் பெண்ணும் கூடவே ஓடவேண்டியதுதானே? ஒரு கடையின் தகரக் கூரையில் பழத்தைத் தின்றுவிட்டுக் குரங்கு பையைப் போட, கடைப் பையன் கம்பால் எடுத்துக் கொடுத்திருக்கிறான். திரும்பினால் வந்த வழி தெரியவில்லை.

பழக்கார ஆச்சி என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "எம்மா, நானும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உன்னயத் தேடி வந்தேன்னு வையி, நீயும் பிள்ளையத் தேடி அலைவ. ரெண்டு பேரும் பொழுதுக்கும் சுத்திக்கிட்டே கெடக்க வேண்டியதுதான். அதான் ஒரே எடமா உக்கார வச்சிட்டேன். தேடுதவ எப்படியும் இந்த வழியாத்தானே வரணும்?"

அந்த ஆச்சிக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? என் பெண்ணின் கன்னத்தில் ஒன்று வைத்தேன். "நீதானே பையை விடாதேன்னு சொன்னே" என்று அவள் அழுதாள். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. குரங்கு, கூட்டம், வழி தவறியது எல்லாமே அவளுக்குக் கதை மாதிரி சிரிப்பாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த அறைதான் இன்னும் வலிக்கிறது என்பாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அன்று நான் பிள்ளைக்குக் கொடுத்த வேலை பையைக் காப்பது. அவளைக் காக்கிற வேலையை யாரிடம் கொடுத்தேன்? யாரிடமும் இல்லை. சினிமாக் கொட்டகை வாசலில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், "சாமானைப் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்" என்று நாம் எல்லோருமே சொல்கிறவர்கள்தான். பிள்ளையைத் தனியாக விடுகிறோம் என்ற நினைப்பே அப்போது நமக்கு வருவதில்லை. சாமானுக்குக் காவல் வைத்திருக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது. இன்னொரு வழக்கமும் உண்டு. "தங்கச்சியைப் பார்த்துக்கோ" என்று எட்டு வயசுப் பெண் இடுப்பில் இரண்டு வயசை ஏற்றிவிடுவது. தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த வயசும், இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள்ளத் தெரிகிற வயசும் ஒன்றா? இரண்டுக்கும் நடுவில் பல வருஷம் இருக்கிறது. இதில் பெண் குழந்தைகளுக்குத்தான் நாம் அதிக அநியாயம் செய்கிறோம்.

சரி, எத்தனை வயசில் விடலாம்? சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 93-வது பிரிவு, பன்னிரண்டு வயசுக்குட்பட்ட குழந்தையை முழுக்கக் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுப்போகிற பெற்றோருக்கு ஏழு வருஷம் வரை தண்டனை என்கிறது. அது கைவிடுகிறவர்களுக்கு. கடைக்கு அனுப்பலாமா, படிக்கட்டில் உட்கார வைக்கலாமா என்பதற்கெல்லாம் சட்டம் வயசு சொல்லவில்லை. அது நம் தலையில்தான்.

வெளிநாட்டில் மட்டும் ஒரே மாதிரியா இருக்கிறது? 1997-ல் நியூயார்க்கில் டென்மார்க் நாட்டுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு ஓட்டல் வாசலில் விட்டுவிட்டு, உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஊரில் அது அன்றாட வழக்கம். அதே அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2018-ல், விவரம் தெரிந்த பிள்ளை தனியாகப் பள்ளிக்கோ பார்க்குக்கோ போனால் அது பெற்றோரின் அலட்சியம் ஆகாது என்று சட்டமே போட்டது. ஜப்பானில் 1991-லிருந்து ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி வருகிறதாம். இரண்டு மூன்று வயசுப் பொடிசுகளை முதல் தடவையாகக் கடைக்கு அனுப்புகிறார்கள். என் மகள் அதை எனக்குக் காட்டினாள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. உற்றுப் பார்த்தால், அந்தப் பிள்ளையைச் சுற்றி வழிப்போக்கர் வேஷத்தில் அத்தனை பேர் காமிராவோடு நடக்கிறார்கள்! "பார்த்தியா அம்மா, நீ தென்காசியில் தனியாகக் கடைக்குப் போன கதையும் இதுதான். திண்ணைக்குத் திண்ணை ஆள் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தாங்க இல்ல?" என்றாள் மகள். எனக்கு வாயடைத்துப்போயிற்று. உண்மைதானே? எண்ணெய்த் தூக்கோடு நான் ஓடினால், "ஏட்டி, மெதுவாப் போ, சிந்தாதே" என்று நாலு வீட்டிலிருந்து குரல் வரும். நான் ஒரு நாளும் தனியாகப் போகவில்லை.

அதனால் வயசைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை நான் விட்டுவிட்டேன். இப்போது நான் கேட்பது வேறு கேள்வி. இந்த இடத்தில் என்ன தப்பு நடக்கலாம்? நடந்தால், என் பிள்ளையால் அதைச் சமாளிக்க முடியுமா? கடை பூட்டியிருந்தால் வீட்டுக்குத் திரும்பி வரலாம். சில்லறையைத் தொலைத்தால் திட்டு வாங்கலாம். வழி மறந்தால் கடைக்காரரைக் கேட்கலாம். இதெல்லாம் பிள்ளை கையில் இருக்கிற தப்புகள். அருவியில் நடக்கிற தப்பு அப்படியில்லை. பாசிப் பாறையில் கால் வழுக்கினால் இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது.

2022 டிசம்பர் கடைசியில் பழைய குற்றாலத்தில் நடந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கேரளத்திலிருந்து வந்திருந்த நான்கு வயதுச் சிறுமி, தண்ணீர் வெளியேறுகிற வழியாக இழுத்துச் செல்லப்பட்டுக் கீழே பள்ளத்தில் விழுந்துவிட்டாள். விளாத்திகுளத்தைச் சேர்ந்த கார் டிரைவர் ஒருவர் உயிரைத் துச்சமாக நினைத்து இறங்கி, தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை பிழைத்தாள். அந்த இடத்தில் கூட்டத்துக்கா பஞ்சம்? 2024 மே 17 அன்று அதே பழைய குற்றாலத்தில், மலையில் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நெல்லையிலிருந்து வந்திருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். பதினேழு வயசுப் பிள்ளையை நாம் யாராவது 'தனியாக விடலாமா' என்று கேட்போமா?

பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று முணுமுணுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மலைக்கு மேலே மழை பெய்தது கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறையக் கால்வாசி, ஐந்து வயசு நிரம்பாத குழந்தைகள். மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்பதெல்லாம் சினிமாவில்தான். மூச்சுக்குத் திணறுகிற குழந்தைக்குக் கத்த மூச்சு ஏது? சத்தமில்லாமல், ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். முழங்கால் தண்ணீர் கூட வேண்டாம். அதனால் ஐந்து வயசுப் பேத்தியின் மணிக்கட்டை மகள் விடவே இல்லை. விரலைப் பிடித்தால் எண்ணெய்க் கையில் வழுக்கிவிடும். மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆண்கள் பக்கம் போகத் தயாராக நின்ற பேரனுக்கு இவ்வளவும் சொல்ல முடியுமா? "அருவியில பெரியவங்க கையைப் பிடிக்காம யாரும் நிக்கக்கூடாது. உன் அப்பா வந்திருந்தாலும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பார்" என்றேன். உதவ வந்தவரிடம், "தப்பா நினைக்காதீங்க தம்பி" என்று சொன்னேன். "அதுவும் சரிதாங்க்கா. நான் என் பயலுவ ரெண்டு பேர் கையைப் பிடிச்சா மூணாவது கைக்கு எங்க போவேன்?" என்று சிரித்துக்கொண்டே போனார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் குளிக்கிற பிள்ளையை விடுவதற்கு நமக்கு மனசு கூசும். பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைக்கும் அந்த ஜாக்கிரதை வேண்டும். 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருபாலாரையும் சேர்த்துத்தான் காக்கிறது. ஆனால் தெரியாதவர்களிடம் மட்டும் பயந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட தீங்கு பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்தே வருகிறது. "யார் தொட்டுப் பிடிக்கலேன்னாலும் அம்மாகிட்ட சொல்லு, நான் அடிக்க மாட்டேன்" என்பதை மூன்று வயசிலேயே சொல்லிவைக்க வேண்டும். 'அடிக்க மாட்டேன்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். அறை வாங்கின பிள்ளை அடுத்த தடவை சொல்லாது.

மகள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. காரை விட்டு இறங்கியதும் இரண்டு பிள்ளைகளையும் அன்றைய உடுப்போடு போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். காணாமல் போனால் பதற்றத்தில் பாவாடை பச்சையா நீலமா என்று நமக்கு மறந்துபோகும். முழங்கைக்குக் கீழே பேனாவால் போன் நம்பர். சில திருவிழாக்களில் போலீசாரே நம்பர் எழுதிய பட்டையைக் குழந்தைகள் கையில் கட்டிவிடுகிறார்கள். சட்டையில் பெயரை எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைத் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும்.

பழக்கார ஆச்சியின் பாடத்தை நான் என் பங்குக்குச் சொல்லிக்கொடுத்தேன். காணாமல் போனால் தேடாதே, நின்ற இடத்தில் நில். தேடுகிற வேலை அம்மாவுடையது. தண்ணீர்ப் பக்கம் போகாதே. யாரையாவது கேட்க வேண்டுமென்றால் கடை வைத்திருக்கிறவரிடம், குழந்தையோடு வந்திருக்கிற அம்மாவிடம், போலீஸ்காரரிடம் கேள். கடை வைத்திருக்கிறவர் கடையை விட்டு ஓடமாட்டார், பாருங்கள்! பேத்தியிடம் "உங்க அம்மா பேர் என்ன?" என்றால், "அம்மா" என்றாள். அதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. 1996-ல் பம்பாயில் ஆரம்பித்து இன்று நாடு முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும், காசில்லாமல் கூப்பிடலாம். தனியாக நிற்கிற குழந்தையைப் பார்க்கிற நமக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு பேரன் குளிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னோடு சிப்ஸ் தின்றான். மறுநாள் தம்பி வந்து ஐந்தருவிக்குக் கூட்டிப்போய், மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி ஆசை தீரக் குளிப்பாட்டினான். ஆனாலும் பையனுக்கு மனசு ஆறவில்லை. "ஆச்சி, நான் எதையுமே தனியாப் பண்ணக்கூடாதா?" என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி! தண்ணீரில் 'கூடாது' என்று சொன்னவர்கள் வேறெங்காவது 'போ' என்று சொல்லத்தானே வேண்டும்?

தம்பி தெருவில் ஆறாவது கட்டடம் மளிகைக் கடை. அதே வரிசை, ரோடு தாண்ட வேண்டாம். ரோடு தாண்டுவதைச் சேர்த்திருந்தால் நானே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஸ்வீடனில் 1960-களில் ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற மனோதத்துவ நிபுணர், பிள்ளைகள் தெருவில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். எவ்வளவு பாடம் சொல்லிக்கொடுத்தாலும் சின்னப் பிள்ளைகளின் கண்ணும் காதும் கவனமும் வண்டி வாகனத்துக்கு ஈடு கொடுக்காது என்றார் அவர். அது எங்கள் தென்காசிக்கு மிகவும் பொருந்தும். 2019-ல் தனி மாவட்டம் ஆனதிலிருந்து பெரிய தெருவில் வண்டி நெரிசல் சொல்லி மாளாது.

முதல் நாள் நானும் கூடவே போனேன். பேரன்தான் கேட்டு, காசு கொடுத்து வாங்கினான். இரண்டாம் நாள் அவன் முன்னால், நான் பத்தடி பின்னால். "திரும்பிப் பார்க்காதே" என்றால் நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கடை அண்ணாச்சியிடம், "நாளைக்குப் பயல் தனியா வருவான், ஒரு கண்ணு பார்த்துக்கோங்க" என்று சொல்லி வைத்தேன். என் காலத்தில் திண்ணையில் சும்மா கிடைத்த காவலை இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டால் இல்லையென்று சொல்கிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். "அரை லிட்டர் பால், ஒரு பாக்கெட். வழியில எங்கேயும் நிக்காதே. பால் இல்லேன்னா சும்மா வந்துடு" என்று ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பினோம். என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து கடை தெரியாது, முன்னால் நிற்கிற வேப்பமரம்தான் தெரியும். ஒரு கையில் போன், கண் சுவர்க் கடிகாரத்தில். நாலு நிமிஷத்தில் வரவேண்டியவன் ஏழு நிமிஷமாகியும் வரவில்லை. "அம்மா..." என்றாள். "இரு" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் அந்த அருவி இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது. எட்டு. ஒன்பது. செருப்பை மாட்டிவிட்டாள்.

பதினோராவது நிமிஷம் வேப்பமரத்துக்குக் கீழே வந்தான். ஒரு கையில் பால் பாக்கெட், மறு கையில் தங்கைக்கு ஆரஞ்சு மிட்டாய். கடையில் அண்ணாச்சி, "நீ யாரு வீட்டுப் பிள்ளைடே?" என்று கேட்டாராம். இவனுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். கடையில் நின்றவர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டு, தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர் வரைக்கும் போய், கடைசியில், "மொட்டைக் கோபுரம் இருந்தப்போ எண்ணெய்த் தூக்கோட ஓடுமே, அந்தப் பிள்ளையோட பேரனா?" என்று ஒரு கிழவர் கண்டுபிடித்தாராம்.

வாசற்படியில் அவன் காலடிச் சத்தம் கேட்டதும் என் மகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். அவ்வளவு நேரமும் அடுப்படியிலேயே நின்றவள் மாதிரி கையில் ஒரு கரண்டியோடு வந்து, "என்னடா, பால் வாங்கியாச்சா?" என்று கேட்டாள்.